குதியக்காவின் முதல் வரி

குதியக்கா இன்று இரண்டு காலில் நடக்கிறாள் என்றால் அதற்கு மூன்று காரணங்கள் என்று அவளே சொல்வாள்: ஒரு ரப்பர் பாய், ஒரு நீள நோட்டு, ஒரு கோல்கீப்பரின் கோபம். டாக்டரை நாலாவதாகத்தான் சொல்வாள். டாக்டரின் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "வரிசை சரிதாம்மா" என்றாராம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலிலும் மருத்துவமனைச் சீட்டிலும் மட்டும் இருக்கிறது. பெண்கள் கால்பந்து அணி ஒன்றின் துணி அறையில் அவளுக்கு வேலை. அதற்கு முன் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் பதினான்கு வருடம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டினாள். இங்கே இருபத்தாறு பேரின் சட்டை, காற்சட்டை, காலுறை. அறை பார்வையாளர் மேடையின் படிகளுக்கு அடியில் இருப்பதால் பாதி அறையில்தான் தலை நிமிர்ந்து நிற்கலாம். மீதியில் குனிந்துதான் போகவேண்டும். இரண்டு துவைக்கும் இயந்திரங்கள். அதில் ஒன்று பிழியும்போது மெல்ல நகர்ந்து கதவு வரைக்கும் வந்துவிடும். செங்கல் வைத்து அடக்கியிருக்கிறாள். ஈரத்துணிக் கூடை ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கனம் இருக்கும். ஒரு நாளைக்கு அப்படிப் பன்னிரண்டு கூடைகளைப் படியேற்றிக் காயப்போட மேல் தளத்துக்குக் கொண்டுபோவாள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மைதானத்தில் யாருமே இதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கதை.

ஃபிட்னஸ் சார் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அந்தப் பாய் வந்தது. சாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கழுத்தில் விசில், வாயில் எப்போதும் எண்கள். தங்கமான மனிதர், ஆனால் காலை வணக்கம் சொன்னால்கூடப் பதிலுக்கு ஒரு சதவீதம் சொல்லக்கூடியவர். அவர் கொண்டுவந்தது மேசை விரிப்பு அளவில் ஒரு கறுப்பு ரப்பர் பாய். அதிலிருந்து ஒரு ஒயர் சின்னப் பெட்டிக்குப் போகும். பாயில் நின்று எம்பினால், கால் எவ்வளவு நேரம் பாயில் படாமல் இருந்தது என்று பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் குதித்தோம் என்று பெட்டி காட்டும்.

"களைப்பா இருக்கான்னு கேட்டா நீங்க எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வீங்க," என்றார் சார் முதல் நாள், வரிசையாக நின்ற பெண்களிடம். "ஓடறப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிடலாம். ஆனா நின்ன இடத்துல சட்டுனு எம்பறது அப்படியில்ல. நரம்பு சொல்றத தசை உடனே கேட்கணும். நேத்து ஆடின களைப்பு உள்ள இருந்தா அது கேட்காது. ரெண்டு மூணு சென்டிமீட்டர் குறையும். அந்தக் காலோட மேட்ச் ஆடினா தசை கிழியும், முட்டி போகும்."

அதிலிருந்து தினமும் காலையில் பயிற்சிக்கு முன் ஆளுக்கு மூன்று குதி. இரண்டு கையும் இடுப்பில் இருக்கவேண்டும். மூன்றில் பெரியது நோட்டில் ஏறும். அடுத்தவள் எவ்வளவு குதித்தாள் என்பது யாருக்கும் வேண்டாம். அவரவர் வழக்கம் என்ன, இன்றைக்கு என்ன, அவ்வளவுதான். வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வட்டம் விழுந்தவள் அன்றைக்கு பெஞ்சில் உட்காரவேண்டும்.

பாயை விரிக்க, ஒயரைச் செருக, நோட்டில் எழுத ஆள் வேண்டுமே? காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அறையைத் திறப்பது துணிக்கார அக்காதான். வேலை அவள் தலையில் விழுந்தது.

முதல் நாளே ஒரு சிக்கல். பெட்டியை இயக்கியதும் வரும் முதல் எண் எப்போதும் தாறுமாறாக இருந்தது. தன் குதியை அதற்குத் தத்தம் செய்ய ஒரு பெண்ணும் தயாராக இல்லை. சார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அக்கா, நீங்க ஒரு தடவை குதிங்களேன்."

எந்த அக்காவைச் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"நானா சார்? நான் கடைசியா குதிச்சது பன்னிரண்டு வயசுல."

"அப்ப நல்லா ஓய்வெடுத்திருக்கீங்க. வாங்க."

ஏப்ரனை அவிழ்த்து வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எம்பினாள். முதல் எண் வழக்கம்போல் உளறல். இரண்டாவதாகக் குதித்தபோது பெட்டி பதினெட்டு என்று காட்டியது. இருபத்தாறு பெண்களும் கைதட்டினார்கள். கோப்பை வாங்கியபோதுகூட அவர்கள் அப்படித் தட்டியதாக அவளுக்கு நினைவில்லை. அன்றைக்குப் பிறந்தது குதியக்கா என்ற பெயர்.

சாருக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. தினமும் அக்கா முதலில் குதிக்கட்டும், அந்த எண் நோட்டின் முதல் வரியில் இருக்கட்டும் என்றார். "பொண்ணுங்க ஆடுவாங்க, களைப்பாங்க, அவங்க எண் ஏறும் இறங்கும். நீங்க ஆடறதில்ல. உங்க எண் மாறக் கூடாது. மாறிச்சுன்னா பாயில கோளாறுன்னு அர்த்தம்."

அக்கா அன்று வீட்டுக்குப் போய்ப் பள்ளி வேன் ஓட்டும் தன் கணவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள். "என் எண் மாறாதாம். என்னை வச்சுத்தான் எல்லாரையும் அளக்கறாங்க."

"பார்த்து, உன்னை ஃபிரேம் போட்டு மாட்டிடப் போறாங்க," என்றார் அவர்.

பன்னிரண்டு கூடை சுமப்பவளுக்குக் களைப்பு வராதா என்று சார் கேட்கவில்லை. கோச் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்லவேண்டுமென்றால் அக்காவும் கேட்கவில்லை. ஆடுகிறவர்களுக்குத்தான் உடம்பு, துவைக்கிறவர்களுக்குக் கைகள் மட்டும்தான் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள்.

இரண்டு வருடம் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. பதினெட்டு, பதினெட்டு, பதினேழரை, பதினெட்டு என்று முதல் வரி ஓடியது. காலையில் அந்த மூன்று குதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பெண்களின் முட்டியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பாள். காற்றில் முட்டியை மடக்கினால் கால் தரையில் படத் தாமதமாகும், எண் கூடும். அந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டியாலும் முடியாது, அவளால் முடியும். "ஏய், முட்டியை மடக்காத. அந்தக் குதி செல்லாது, இன்னொண்ணு குதி," என்பாள். வட்டம் விழுந்தவளிடம் "போய் உட்காரு கண்ணு" என்று சொல்வதும் அவள்தான். அதற்காக எத்தனையோ முறைப்புகளை வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் வருடம் முதல் வரி இறங்கத் தொடங்கியது. பதினேழு. இரண்டு வாரம் கழித்துப் பதினாறரை. பிறகு பதினாறு. பாயில் கோளாறு என்று சார் தீர்மானித்தார். பேட்டரியை மாற்றினார். பாயை மரத்தரையிலிருந்து சிமென்ட் தரைக்கு மாற்றினார். இரண்டு தடவை பழுது பார்க்க அனுப்பினார்; இரண்டு தடவையும் "குறை ஒன்றுமில்லை" என்ற சீட்டோடு அது திரும்பி வந்தது. சீசன் நடுவில் எல்லோருடைய எண்ணுமே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும் என்பதால் அவர் சந்தேகம் வலுத்ததே தவிரக் குறையவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பாய் ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சுக் காட்டுது. இனிமே எல்லாருக்கும் ரெண்டு கூட்டிக்குங்க அக்கா."

அக்கா கூட்டினாள். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் கூட்டல் இரண்டு. அந்த வாரங்களில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட நேரமானது. காலுறைகளை ஜோடி சேர்க்கும்போது விரல் நழுவியது. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவினாள். படியேறும்போது கால் கனத்தது. வயசு நாற்பத்தேழு ஆகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வலி என்று ஒன்று இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாள். வலி இல்லை.

இப்போது கோல்கீப்பர் வருகிறாள். அவளைத் தோழிகள் 'கதவு' என்று கூப்பிடுவார்கள். பந்து உள்ளே போகாது என்பதால் வைத்த பெயர். வாய் மட்டும் சாத்தவே சாத்தாது என்றும் சேர்த்துக்கொள்வார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுடைய வழக்கமான குதி முப்பத்துநாலு. அரையிறுதிக்கு முன்தினம் பெட்டி இருபத்தெட்டு காட்டியது. இரண்டைக் கூட்டினால் முப்பது. முப்பதரைக்குக் கீழே போனால் வட்டம். அக்கா வட்டம் போட்டாள்.

"போய் உட்காரு கண்ணு."

"என்னது? நாளைக்கு மேட்ச்!"

"தெரியும்மா. நாளைக்கும் உட்காரணும்னு சார் சொல்றாரு."

"பாய் கெட்டுப்போச்சுன்னு நீங்களேதான் சொல்றீங்க. ரெண்டைக் கூட்டறதும் நீங்கதான். கெட்டுப்போன பாயை வச்சுக்கிட்டு, வாய்க்கு வந்ததைக் கூட்டிக்கிட்டு, என்னை எப்படி உட்கார வைப்பீங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் உட்காரவேண்டியதாயிற்று. மாற்று கோல்கீப்பர் ஆடினாள். அணி வென்றுவிட்டது. தோற்றிருந்தால்கூட கதவுக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும், வென்றதுதான் தாங்கவில்லை.

அடுத்த நாள் காலை விறுவிறுவென்று துணி அறைக்கு வந்து, தாழ்ந்த கூரையில் தலையை நங்கென்று இடித்துக்கொண்டு, "நோட்டைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"பாய் கெட்டதுன்னு நிரூபிச்சு சார் மூஞ்சில வைக்கப் போறேன்."

அக்காவுக்கும் அவள் மேல் பரிதாபம்தான். நோட்டைக் கொடுத்தாள். கதவு மூன்று நாள் அதோடு குடும்பம் நடத்தினாள். கணக்கு என்றாலே காத தூரம் ஓடியவள், கோபத்தில் ஆறு மாத எண்களையும் கட்டம் போட்டு எழுதிவிட்டாள். நாலாம் நாள் பக்கத்து அரங்கத்துக் கைப்பந்து அணியிடம் கெஞ்சி அவர்களுடைய பாயையும் இரவல் வாங்கி வந்தாள். காலையில் இரண்டு பாயும் அருகருகே விரிந்தன.

"எல்லாரும் ரெண்டுலயும் குதிங்கடி."

பத்துப் பேர் குதித்தார்கள். இந்தப் பாயில் முப்பத்தொன்று என்றால் அந்தப் பாயிலும் முப்பத்தொன்று. இங்கே இருபத்தொன்பது என்றால் அங்கேயும் இருபத்தொன்பது. சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப நம்ம பாய் சரியாத்தான் இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு சார். ரெண்டு கூட்டினதுதான் தப்பு. கூட்டாம விட்டிருந்தா என்னை அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உட்கார வச்சிருக்கணும்." அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் இருந்த சண்டை எங்கேயோ போய்விட்டது. "அக்கா, நீங்க ரெண்டுலயும் குதிங்க."

அக்கா குதித்தாள். இங்கே பதினாலு. அங்கேயும் பதினாலு.

 துணி அறையில் இயந்திரம் செங்கல்லை இடிக்கும் சத்தம் கேட்டது.

கதவு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "எல்லாரோடதும் மேட்ச் முடிஞ்சா இறங்குது, ரெண்டு நாள் லீவு விட்டா ஏறுது. முதல் வரி மட்டும் ஒரு தடவைகூட ஏறல சார். இறங்கிக்கிட்டே இருக்கு. நம்ம சட்டப்படி ரெண்டு மாசம் முன்னாடியே அக்காவுக்கு வட்டம் போட்டு உட்கார வச்சிருக்கணும். நாம என்னடான்னா பாயை ரிப்பேருக்கு அனுப்பிக்கிட்டு இருந்தோம். அக்காவ என்ன எடைக்கல்லுன்னு நெனச்சீங்களா? அவங்களும் ஆளுதானே?"

 எண்களையே பார்த்துப் பழகிய சார், அந்த எண்களை எழுதியவளை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுமட்டும் இல்ல," என்று கதவு இரண்டு பக்கங்களை எதிரெதிரே பிடித்தாள். ஒன்று ஆறு மாதத்துக்கு முந்தையது. எண்கள் கோத்து வைத்த மணிகளாக இருந்தன. மற்றது போன வாரத்தது. ஒரு எட்டு மூடவில்லை, மூன்றுகள் கோட்டை விட்டு இறங்கிக் கிடந்தன. "அக்கா, உங்க கைக்கு என்ன ஆச்சு?"

"வயசாச்சுடி. வேற என்ன?" என்று சிரித்தாள் அக்கா. பிறகு அந்தப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நேற்று எழுதியதை நேற்று பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஆறு மாதத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அது வேறு யாரோ எழுதியது போல் இருந்தது.

அன்று மாலை கணவரின் வேனில் மூன்று பேர் டாக்டரிடம் போனார்கள். போகிற வழியில் கணவர் மெதுவாகச் சொன்னார், "ரெண்டு மாசமா வேன்ல ஏறறப்ப ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிக்கற. கேட்கணும்னு நெனச்சேன். கேட்டா நிஜமாயிடுமோன்னு விட்டுட்டேன்." அக்கா அவர் தோளில் கை வைத்தாள். பின் சீட்டில் கதவு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வாயைத் திறக்காமல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் முட்டியில் சுத்தியலால் தட்டினார். விரல்களை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். ஒரு காலின் குதிகாலையும் மறுகாலின் கட்டைவிரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அக்கா நாலாவது அடியில் சாய்ந்தாள். ஸ்கேன் வந்த பிறகு படத்தை வெளிச்சத்தில் மாட்டி, கழுத்துப் பக்கம் பேனாவால் காட்டினார்.

"இங்க எலும்பும், எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டும் சேர்ந்து தண்டுவடத்தை அழுத்துது. மூளை சொல்றது காலுக்கும் கைக்கும் இந்த வழியாத்தான் போகணும். வழி நெருங்கிக்கிட்டே வருது."

"கழுத்துல வலியே இல்லையே டாக்டர்."

"அதுதாம்மா ஆபத்து. வலி இருந்தா ஜனங்க சீக்கிரம் வந்துடுவாங்க. பெரும்பாலும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு வராங்க, இல்லைன்னா சக்கர நாற்காலியில கூட்டிட்டு வராங்க. அதுக்கப்புறம் போன சக்தியைத் திருப்பிக் கொண்டுவர்றது கஷ்டம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க நடந்து வந்திருக்கீங்க. யாரு கண்டுபிடிச்சாங்க?"

கதவு நோட்டை நீட்டினாள். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை.

"எத்தனையோ வருஷமா இந்த வேலை பார்க்கறேன். நோயாளி தன் கையால இப்படித் தினமும் எழுதிக் கொண்டுவந்து நான் பார்த்ததே இல்ல."

"நான் பாய்க்காக எழுதினேன் டாக்டர்," என்றாள் அக்கா.

அடுத்த வாரமே அறுவை சிகிச்சை. அதற்கு முன்தினம் ஃபிட்னஸ் சார் வந்து கட்டிலருகே நின்றார். தலையணையைச் சரிசெய்தார்.

"நீங்க ஆடறதில்ல, அதனால உங்க எண் மாறாதுன்னு சொன்னேன் அக்கா. முட்டாள்தனம். மன்னிச்சுக்குங்க."

"அப்படிச் சொல்லாதீங்க சார். நீங்க குதிக்கச் சொல்லலைன்னா எனக்கு எண்ணே இருந்திருக்காது."

வாய் உபசாரத்துக்கு அவள் அதைச் சொல்லவில்லை. படுத்திருந்தபடி யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது. சலவைக்கூடத்திலேயே இருந்திருந்தால்? அவள் எவ்வளவு குதிக்கிறாள் என்று உலகத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்? பொத்தான் போடத் திணறித் திணறி, எண்ணெய் தடவித் தடவி, ஒரு நாள் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்காமலே போயிருப்பாள். வயசாச்சு என்று அவளே எல்லோருக்கும் சொல்லியிருப்பாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அழுத்தம் நீங்கியது, இனி மோசமாகாது, போனதில் எவ்வளவு திரும்பும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். கழுத்துப் பட்டையோடு மூன்று மாதம். பிறகு கையைப் பிடித்து நடை, கையை விட்டு நடை, படி. கணவர் பொத்தான் போடக் கற்றுக்கொண்டார். அவசரத்தில் ஒன்று மாற்றிப் போட்டுவிடுவார், அவளும் அப்படியே நாள் முழுக்க இருப்பாள். கதவு வாரத்துக்கு ஒருமுறை வந்து அணியின் வம்புகளையெல்லாம் கொட்டிவிட்டுப் போனாள். இறுதி ஆட்டத்தில் தோற்ற கதையைச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு எனக்கு வட்டம் இல்ல, ஆனாலும் ரெண்டு கோல் விட்டேன். அதுக்கு யாரைத் திட்டறதுன்னு தெரியல," என்றாள்.

பத்து மாதம் கழித்து டாக்டர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "இப்ப கொஞ்சமா எம்பலாம்" என்றார்.

மறுநாள் காலை அக்கா மைதானத்துக்குப் போனாள். துணி அறையில் தூக்குக் கூடைகள் இல்லை. சக்கரம் வைத்த வண்டியும், படியோரம் ஒரு சரிவுப் பாதையும் வந்திருந்தன. இரண்டு பாய்கள் விரிந்திருந்தன. இப்போதெல்லாம் ஒரு பாயை இன்னொரு பாயை வைத்துத்தான் சோதிக்கிறார்களாம். கதவு நோட்டை அவள் கையில் கொடுத்தாள்.

அக்கா பக்கங்களைப் புரட்டினாள். அவள் இல்லாத பத்து மாதமும் யார் யாரோ கையெழுத்தில் எண்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவது வரியிலிருந்துதான் எழுதியிருந்தார்கள். முதல் வரியில் அவள் பெயர் மட்டும், பக்கத்தில் காலி. ஒரு நாள்கூட அந்த இடத்தில் வேறு யாரையும் எழுதவில்லை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க நினைக்கவுமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். கையை இடுப்பில் வைத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எம்பினாள்.

முதல் எண் உளறல். இரண்டாவது ஐந்து. மூன்றாவது ஆறு.

பேனாவை வாங்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, முதல் வரியில் ஆறு என்று எழுதினாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் கோட்டின் மேலேயே நின்றது. கதவு எட்டிப் பார்த்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஆறைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"வழக்கம் பதினெட்டு. இன்னைக்கு ஆறு. போய் உட்காருங்க அக்கா."

"ஏய், துணி கிடக்குடி."

"சட்டம்னா சட்டம். என்னை அரையிறுதியில உட்கார வச்சீங்கல்ல? உட்காருங்க."

இருபத்தாறு பேரும் வரிசையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதியக்கா நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தி துண்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை வைத்தாள். வட்டம் விழுந்தவர்களுக்கு அப்படித்தான் செய்வது வழக்கம்.